ஏறியது வெக்காளியில், இறங்கியது மாதாவில்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆவுடையூரில் வெக்காளி பஸ்ஸில் ஏறிய சனம் கொன்றைக்கோட்டையில் மாதா பஸ்ஸின் படியில் இறங்கியது, மாதா பஸ்ஸில் ஏறிய சனம் வெக்காளியின் படியில் இறங்கியது. ஏறும்போது அவரவர் வண்டியில்தான் ஏறினார்கள், உட்கார்ந்து வந்ததும் அதே வண்டியில்தான், ஜன்னலோரம் தூங்கியதும் கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்கு வாய்ச்சண்டை போட்டதும் அதே வண்டியில்தான். கடைசிப் படியை விட்டுக் கால் தரையில் படுகிற நேரத்தில் மட்டும் முதுகுக்குப் பின்னால் நின்ற வண்டி வேறாக இருந்தது. முதலில் இறங்கிய வெற்றிலை வியாபாரி திரும்பி ஒரு தடவை பார்த்தார், கூடையைத் திறந்து வெற்றிலை வாடவில்லை என்று தெரிந்துகொண்டார், பிறகு கடைத்தெருவுக்கு நடந்தார்.

மற்றவர்களும் அப்படியேதான் பழகிக்கொண்டார்கள். வெக்காளியில் வருகிற விருந்தாளியை அழைக்க மாதா நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மாதா பஸ்ஸில் இனி ஏறுவதில்லை என்று பங்காளிச் சண்டையில் சத்தியம் செய்திருந்த செங்கல் சூளைக்காரர் ஒருவர், ஏறுவதில்லை என்றுதானே சொன்னேன், இறங்குவதில்லை என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தினமும் நிம்மதியாக இறங்கிப் போனார். பங்குச் சாமியார் இரண்டு வண்டிக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார், கோயில் பூசாரி இரண்டு வண்டிக்கும் சேர்த்து எலுமிச்சம்பழம் வைத்தார், இரண்டும் பலிக்கவில்லை என்பதால் இருவருக்கும் மரியாதை குறையவில்லை. போக்குவரத்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கிப் பார்த்து, "எந்த ஊர்ல ஏறணும், எந்த ஊர்ல எறங்கணும்னுதான் பர்மிட்ல இருக்கு, எந்தப் படியில எறங்கணும்னு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். டிக்கெட் வாங்காத டிரைவருக்கும் கண்டக்டருக்கும் முதலாளிகளுக்கும் இந்த மாற்றம் கிடையாது. டிக்கெட் வாங்காத கைக்குழந்தைகள் மட்டும் தாயோடு சேர்ந்து போயின.

தொல்லை ஒன்றுதான். ஸ்டாப்பில் முந்திப்போய் நின்ற வண்டியிலிருந்து யாராவது அவசரப்பட்டு இறங்கினால், பிந்தி வருகிற வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில்தான் கால் ஊன்றுவார்கள், பிறகு திட்டிக்கொண்டே ஒரு ஊர் நடப்பார்கள். ஆனால் வெக்காளியும் மாதாவும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி ஓடுகிற வண்டிகள். கொஞ்சம் பொறுத்தால் மற்றது வந்து நின்றுவிடும். ஆகவே சனம் படியில் நின்று கொட்டாவி விட்டுவிட்டு இறங்கப் பழகிக்கொண்டது.

பழகாமல் இருந்தது வெக்காளியின் முதலாளி மங்கையர்க்கரசி மட்டும்தான். அந்தப் பாதையில் முதல் பஸ் விட்டவர் அவளுடைய அப்பா. அவர் கண்ணை மூடிய வருஷமே அருளப்பன் புதுப் பர்மிட்டோடு வந்து, வெக்காளி கிளம்புவதற்குச் சற்று முன்னால் தன் வண்டிக்கு நேரம் வாங்கி, ஸ்டாண்டில் சேர்ந்திருக்கும் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவள் புருஷன் தங்கையா வெக்காளியை ஓட்டினார், மாதாவை அருளப்பனே ஓட்டினார், இரண்டு பேரும் வளைவில் முந்தினார்கள், ஹாரனால் ஏசிக்கொண்டார்கள். மங்கை தினமும் விடிந்ததும் ஸ்டாண்டுக்கு வந்து, தன் வண்டியில் எத்தனை தலை, அவர் வண்டியில் எத்தனை தலை என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். தான் ஏற்றி அனுப்பிய தலைகளெல்லாம் அந்த ஆளின் படியில் இறங்குகின்றன என்பது, அவளுக்குத் தன் வீட்டில் சமைத்த சோற்றை அடுத்த வீட்டு வாசலில் பரிமாறுகிற மாதிரி இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம் மாதாவின் கியர் பாக்ஸ் உடைந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கபீர் பாயின் ஷெட்டில் விட்டார்கள். ஊரில் இருக்கும் ஒரே லாரி, பஸ் மெக்கானிக் அவர்தான். இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்பதும், மங்கையின் அப்பா காலத்துப் பழைய வண்டியிலிருந்து கழற்றிய அதே மாடல் கியர் பாக்ஸ் ஒன்று அவள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்.

"சும்மாதானம்மா கெடக்கு. ரெண்டு நாளைக்குக் குடு. திருச்சியிலேர்ந்து புதுசு வந்ததும் திருப்பிப் போட்டுர்றேன்."

"குடுக்குறதுக்கு இல்ல பாய்."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ எனக்குக் குடுக்கிறதா நெனச்சுக்க."

"அந்தப் பேச்ச விடுங்க" என்றாள் மங்கை.

அவர் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்குப் பங்குச் சாமியார் வந்து கேட்பார், நாளன்றைக்கு வேறு யாராவது வந்து கேட்பார்கள், தங்கையாவே மனசு இளகிக் கொடுத்தாலும் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. விடிந்ததும் விடியாததுமாகப் பழைய இரும்பு எடுக்கிறவனை வரச்சொல்லி, அந்தக் கியர் பாக்ஸைத் தூக்கி அவன் வண்டியில் போடவைத்தாள். பிறகு குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள்.

அன்றைக்கு ஆவுடையூர் சனம் முழுக்க வெக்காளியில்தான் ஏறியது. மாதாவுக்காகவே வழக்கமாகக் காத்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். அருளப்பனின் மனைவி சலேத்மேரியும் கடைசியாக வந்து, படியில் ஒரு காலை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறு காலைத் தூக்கி வைத்து ஏறினாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் கொன்றைக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவள் அவள். மங்கை அவளைப் பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி கிளம்பிப் போனபோது, வெறும் ஸ்டாண்டைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது. இனி ஏறுவதும் நம் வண்டி, இறங்குவதும் நம் வண்டி என்று நினைத்துக்கொண்டே டீ குடித்தாள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது தங்கையாவிடமிருந்து போன் வந்தது.

"மங்கை, யாராலயும் எறங்க முடியல."

"எறங்க முடியலன்னா?"

"முன் படியில எறங்குனா பின் படியில ஏறி வந்துர்றாங்க. பின் படியில எறங்குனா முன்னால வர்றாங்க. ஜன்னல் வழியா ஒருத்தரத் தூக்கி எறக்கிப் பாத்தோம், அவரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால வந்து நிக்கிறாரு. வழியில ஒரு ஸ்டாப்புலகூட ஒரு ஆள எறக்க முடியல. இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

மங்கை போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மாதா ஓடல இல்ல" என்றார் தங்கையா. "நம்ம வண்டியில ஏறுன சனம் அந்த வண்டியிலதான எறங்கணும்? அது கெழடாட்டம் படுத்துக் கெடந்தா எப்பிடி எறங்கும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வண்டிக்குள்ளேயே வந்து சலேத்மேரியின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் அழுந்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. சனிக்கிழமையே வந்திருக்க வேண்டியவர், திருவிழா என்று தவறவிட்டிருக்கிறார், இன்று பொழுது சாய்வதற்குள் மெஷினில் போட்டாக வேண்டும், மெஷினைத் தூக்கி வண்டிக்குள் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். டிக்கெட் வாங்காதவள் என்பதால் அவளால் இறங்க முடிந்தது. அதைப் பார்த்த பிறகு கண்டக்டர் முத்துவீரன் எல்லோருடைய டிக்கெட்டையும் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டான், பணத்தையும் கையில் கொடுத்தான். ஆனாலும் இறங்கியவர்கள் ஏறிவந்துகொண்டேதான் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் தங்கையா வண்டியைத் திருப்பி, முழுக் கூட்டத்தோடும் ஆவுடையூருக்கே ஓட்டிவந்து கபீர் பாயின் ஷெட்டில், கியர் பாக்ஸ் கழற்றிப் போட்டிருந்த மாதாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

ஊர் முழுக்க அங்கே திரண்டுவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு ஜன்னல் வழியாகத் தயிர்சோறும் தண்ணீரும் போயின. கடைசி சீட்டைச் சுற்றிச் சேலையைக் கட்டி, ஒரு வாளியையும் உள்ளே கொடுத்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் மறைத்து நின்றுகொண்டார்கள். தகரக் கூரை சுட்டது. ஒரு பெண்ணின் கைக்குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப்போயிற்று. எல்லோரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தபோது, அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாத சலேத்மேரி மட்டும் ஒரு மூடித் தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டியது.

மங்கை வந்தபோது கூட்டம் வழிவிட்டது. அருளப்பன் ஜன்னலுக்குக் கீழே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை விடாமலேயே திரும்பி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

"ஏம்மா, நேத்துக் கபீர் பாய் வந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

"அந்தச் சாமான் இப்ப எங்க?"

"பழைய இரும்புல போட்டுட்டேன். வர்ற வழியில போன் பண்ணிக் கேட்டேன். சம்மட்டியால ஒடச்சு லாரியில ஏத்திட்டானாம்."

"என் மேல உள்ள கோவத்துலயா?"

"ஆமா" என்றாள் மங்கை.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாலு வார்த்தை ஏசியிருந்தால், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மங்கை தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"திருச்சியில சொல்லிட்டேன்" என்றார் கபீர் பாய். "நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னால வராது."

உள்ளே சலேத்மேரியின் மூச்சு விசிலடிக்கிற மாதிரிக் கேட்டது. மங்கை மாதாவைப் பார்த்தாள், பிறகு தன் வெக்காளியைப் பார்த்தாள். நெற்றியில் அம்மன் படம், அதற்குக் கீழே அப்பா தன் கையால் எழுதிய பெயர். அந்தப் பெயரை மழை அழித்தபோதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று திரும்ப எழுதவைத்திருக்கிறாள்.

"பாய், இதுல இருக்கறத கழட்டி அதுல மாட்டுனா சேருமா?"

"அச்சாச் சேரும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுரலாம். ஆனா இது நின்னுரும்."

தங்கையா அவளைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டுபோனார். "நல்லா யோசிச்சுக்க. இப்ப இந்த வண்டி ஓடுது. மூச்சுக்கு முடியலன்னா அந்த அம்மாவ ஆஸ்பத்திரி வாசலுக்காவது கொண்டுபோகலாம், டாக்டர் உள்ள வந்து ஒரு ஊசியாவது போடுவாரு. கழட்டிட்டா அதுக்கும் வழியில்ல. மாட்டுன பொறவும் அவன் வண்டியில சனம் எறங்கலன்னா, நம்ம வண்டிக்குள்ள வச்சே..."

அவர் முடிக்கவில்லை. மங்கை வெக்காளியின் படியில் ஏறி, சேலை முந்தானைகளையும் மூட்டைகளையும் தாண்டி, சலேத்மேரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, கழட்டட்டுமா?"

சலேத்மேரி ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "மாசியிலேர்ந்து நான் உன் வண்டிப் படியிலதான எறங்குறேன், மங்கை. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்டாப்பு கெடையாது. இருந்தாலும் உன் வீட்டுக்காரரு அங்க நிறுத்துவாரு. நான் காலு ஊன்றவரைக்கும் நகத்தமாட்டாரு. பாத்து எறங்குங்கக்கான்னு சொல்லுவாரு."

மங்கைக்கு இது தெரியாது. தங்கையா ஒருநாளும் சொன்னதில்லை.

"இவரும் அப்பிடித்தான்" என்றாள் சலேத்மேரி. "கல்லுப்பாலத்துல உன் வண்டியில வர்ற கண்ணு தெரியாத பெரியவரு எறங்குறப்ப, சீட்ட விட்டு எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சு எறக்கிவிடுவாரு. பொறவு வந்து உங்கள முந்தணும்னு வெரட்டுவாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "கழட்டச் சொல்லு."

சனத்தை உள்ளே வைத்துக்கொண்டே வெக்காளியை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அடியில் கபீர் பாய் மல்லாந்து கிடந்தார், ஒரு பக்கம் அருளப்பனும் மறு பக்கம் தங்கையாவும் பெட்டியைத் தாங்கிப் பிடித்தார்கள், மங்கை போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற வாங்கி மண்ணெண்ணெயில் போட்டாள். ஒரு போல்ட் துருப்பிடித்து நகர மறுத்தது. அருளப்பன் ஸ்பானரில் தொங்கினார், தங்கையா அவர் தோளைப் பிடித்துத் தானும் சேர்ந்து தொங்கினார், மேலே செங்கல் சூளைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போல்ட் விட்டுக்கொடுத்தபோது இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எழுந்து, முகத்தைப் பார்க்காமல், அடுத்த போல்ட்டுக்குப் போனார்கள்.

வெயில் தணியத் தொடங்கிய நேரத்தில் மாதா உறுமியது. வெக்காளியின் வயிறு வெறுமையாக, ஜாக்கியின்மேல் நின்றது.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க" என்றாள் மங்கை அருளப்பனிடம். "வழியில யாரையும் ஏத்தாதீங்கண்ணே. உங்க வண்டியில ஏறுனவங்க என் வண்டியில எறங்கணும். என் வண்டி செத்துக் கெடக்கு."

அண்ணே என்ற சொல் அவளையறியாமல் வந்துவிட்டது. அருளப்பன் தலையை ஆட்டிவிட்டு சீட்டில் ஏறினார்.

அப்படியாக, அந்தப் பாதையில் பஸ் விடுகிற எவனும் ஆசைப்படுகிற சவாரி அன்றைக்கு அருளப்பனுக்குக் கிடைத்தது: முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் வண்டியில்லை, காலையில் வெக்காளி வந்துபோன பிறகு பஸ்ஸே வராமல் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சனம் குவிந்து கிடந்தது. கை காட்டினார்கள், ரோட்டின் குறுக்கே வந்து நின்றார்கள், தெரிந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கண்டக்டர் படியில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான். ஒரு ஆளைக்கூட ஏற்றாமல், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தி, முத்துவீரனுக்குப் போன் மட்டும் போட்டான்.

ஷெட்டில் நின்ற வெக்காளிக்குள் முத்துவீரன் காதில் போனை வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் நிற்பவனைப் போலவே கம்பியைப் பிடித்தபடி முதல் ஊரின் பெயரைக் கூப்பிட்டான்.

"பனங்குளம் விலக்கு எறங்கு."

யாரும் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து இறங்கி இறங்கி ஏறியவர்களுக்குப் பயமாக இருந்தது. பிறகு கைக்குழந்தைக்காரி எழுந்தாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கடைசிப் படியிலிருந்து காலை வைத்தாள். பின் படியில் அவள் வரவில்லை, முன் படியிலும் வரவில்லை. முத்துவீரனின் போனுக்குள் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"எறங்கிட்டாங்க" என்றான் அவன்.

அதன்பின் மேட்டுச்சாலை, கல்லுப்பாலம் என்று ஒவ்வொரு ஊராக அவன் கூப்பிட, ஷெட்டில் நின்ற வண்டியிலிருந்து ஒவ்வொரு ஊர்க்காரர்களாக இறங்கிக் காணாமல் போனார்கள். கொன்றைக்கோட்டைக்குப் போக வேண்டியவர்களும் தரையில் கால் பட்டால் போதும் என்று கல்லுப்பாலத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். கடைசியில் சலேத்மேரி மட்டும் மிச்சமிருந்தாள். மங்கை அவளைத் தூக்கி நிறுத்திப் படிக்குக் கொண்டுவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கல்லுப்பாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. அது மூடியிருக்கிறது என்று போனில் வந்தது. அவ்வளவு நேரமும் மங்கை அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் மூச்சு வருகிறதா வருகிறதா என்று தன் கழுத்தில் உணர்ந்துகொண்டே படியில் நின்றாள். இவரை நம்பி வண்டியைக் கழற்றிக் கொடுத்தோம், ஒரு ஆளை ஏற்றிவிட்டிருந்தால், டீசல் தீர்ந்துபோனால், என்று அவள் மனசு எங்கெங்கோ போனது.

"வந்தாச்சு" என்றான் முத்துவீரன். "ஆஸ்பத்திரி எறங்கு."

"அக்கா, காலு வைங்க. நான் பிடிச்சிருக்கேன்."

சலேத்மேரி காலை வைத்தாள். மங்கையின் உள்ளங்கையில் கை இருந்தது, பிறகு இல்லை. போனுக்குள்ளிருந்து அருளப்பனின் குரல் வந்தது, "மெல்ல, மெல்ல, என் மேல சாஞ்சுக்க" என்று. பிறகு ஸ்டிரெச்சரின் சக்கரச் சத்தம். மங்கை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சலேத்மேரி பிழைத்துக்கொண்டாள். மெஷினில் போட்டு இரண்டு மணி நேரத்தில் பேசினாள் என்று அருளப்பன் தங்கையாவுக்குப் போன் செய்தார். மறுநாள் திருச்சியிலிருந்து வந்த புதுக் கியர் பாக்ஸை அவரே நின்று வெக்காளியில் மாட்டவைத்தார்.

அந்த நாளிலிருந்து ஊர் ஒன்றை வேறு விதமாகப் பேசத் தொடங்கியது. ஆவுடையூரில் படியிலிருந்து எடுத்த காலை சலேத்மேரி கொன்றைக்கோட்டையில் வைத்தாள். வழியில் ரயில்வே கேட் இல்லை, மேடு பள்ளம் இல்லை, நேரமே இல்லை. இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஓடியதால்தான் இது இத்தனை நாள் வெறும் தொல்லையாகத் தெரிந்திருக்கிறது. மங்கை இதைக் கபீர் பாயின் ஷெட்டில் வைத்து அருளப்பனிடம் சொன்னாள். அவர், "நீ இந்த முனையில நிக்கிறப்ப நான் அந்த முனையில நிக்கணும்னு சொல்ற" என்றார்.

"ஆமாண்ணே. முன்ன பின்ன ஓடாம, எதிரும் புதிருமா ஓடணும்."

வைகாசியிலிருந்து அப்படித்தான் ஓடின. அவசரக்காரர்கள் ஆவுடையூரில் ஏறி டிக்கெட் வாங்கி அப்படியே மறுபக்கம் இறங்கிக் கொன்றைக்கோட்டைக் கடைத்தெருவில் நடந்தார்கள். நடுவூர்க்காரர்கள் எதிர் வண்டி தங்கள் ஊருக்கு வந்துவிட்டதா என்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஜன்னல் காற்று வேண்டும் என்பவர்கள் வண்டி போய்த் திரும்புகிறவரை உட்கார்ந்திருந்து, கிளம்பிய இடத்துக்கே அது வந்து நின்றதும் மறுமுனையில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லோருக்கும் வாசலிலேயே ஒரு ஸ்டாப் வந்தது. ஒருநாள் ஒரு வண்டி படுத்தாலும் சனம் சிறைப்பட்டுவிடும் என்பதால், இரண்டு வண்டிக்கும் வேண்டிய உதிரிச் சாமான்களை இருவரும் சேர்ந்து வாங்கிக் கபீர் பாயிடம் வைத்தார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஆவுடையூர் ஸ்டாண்டுக்கு மூன்றாவதாக ஒரு பஸ் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, ஏசி, வெளிமாவட்டத்து முதலாளி. வெக்காளி அப்போது கொன்றைக்கோட்டையில் நின்றது. மாதா ஆவுடையூரில், எதிர்ப்பக்கத்தில் நின்றது. அருளப்பன் அந்தப் புது வண்டியைப் பார்த்தபடி மங்கையிடம் சொன்னார்:

"அவனுக்கு முன்னால நான் எடுக்கிறேன். பின்னாலயே ஒட்டிக்கிட்டுத் தங்கையா வரட்டும். நடுவுல வச்சு நெரிச்சா ஒரு மாசம் தாங்கமாட்டான்."

அந்தக் குரலை மங்கைக்கு நன்றாகத் தெரியும். இரும்புக்காரனைக் கூப்பிட்ட காலையில் அது அவளுக்குள்ளிருந்தே பேசியிருக்கிறது. அவளுக்கும் கை பரபரத்தது. நடந்துபோய், மற்றவர்களோடு வரிசையில் நின்று, புது வண்டிக்குள் ஏறினாள். உள்ளே குளிராக இருந்தது. பனியன் துணி வியாபாரிகள், பள்ளிக்கூட டீச்சர்கள், தெரிந்த முகங்கள் நாலைந்து. கண்டக்டரிடம் கொன்றைக்கோட்டைக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். வாங்கியதும், மறந்துபோன சாமானை எடுக்கப் போகிறவளைப் போலத் திரும்பி, படியில் இறங்கினாள்.

கால் தரையில் பட்டபோது அவள் மாதாவின் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். எதிரில் அருளப்பன் பீடி பற்றவைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"நீ அவன் வண்டியிலல்ல ஏறுன."

"டிக்கெட் வாங்கிட்டுத்தான்ணே எறங்குனேன்."

அருளப்பன் புது வண்டியைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று மங்கைக்குத் தெரிந்தது. மாதாவை இங்கேயே நிறுத்தி வைத்தால் போதும். புது வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும், அங்கே கதவைத் திறந்து இறங்குகிற அத்தனை பேரும் கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்குவார்கள். ஒரே நாள். மறுநாள் அந்த வண்டியில் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். சண்டை வேண்டாம், விரட்ட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

புது வண்டியின் டிரைவர் கதவைச் சாத்தினான். என்ஜின் சத்தம் மாறியது.

"அவனுக்குத் தெரியாது, இல்ல?" என்றார் அருளப்பன்.

"தெரியாது. உள்ள இருக்கற சனத்துக்கும் தெரியாது."

பீடி அவர் விரலில் பற்றாமலேயே இருந்தது. மங்கை அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவருக்காகக் காத்திருக்க நேரமும் இல்லை, அவரில்லாமல் செய்யக்கூடிய காரியமும் அது இல்லை.

அருளப்பன் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். இரண்டே எட்டில் ஸ்டாண்டின் நடுவுக்குப் போய், நகரத் தொடங்கியிருந்த வண்டிக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவரும் நகரவில்லை. மங்கை சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். ஹாரன் நின்றது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியது, குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது.

"தம்பி, உங்க மொதலாளி நம்பரக் குடுங்க" என்றாள். "சண்டைக்கு இல்லப்பா. டைம் பேசணும்."